சூடானதும் டி-யில் இழுவையே இல்லை, லீவரை 1-2-க்குத் தள்ளினால் நன்றாக இழுக்கிறது. கியர்பெட்டியைப் பிரிக்க வேண்டுமா?

மேடுபள்ளம்:

வணக்கம் நண்பர்களே. என்னிடம் ஒரு பழைய பெட்ரோல் ஃபோர் வீல் டிரைவ் இருக்கிறது. நாலு கியர் ஆட்டோமேட்டிக். கியர் மாற்றுவதை டேஷ்போர்டுக்குக் கீழே உள்ள ஒரு தனிக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. நாலு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்து, ஹை ரேஞ்ச், லோ ரேஞ்ச் மாற்றிக்கொடுக்கும் டிரான்ஸ்பர் கேஸுக்குத் தனி லீவர். தார் ரோட்டில் ஓடுவதைவிட சேற்றிலும் கல்லிலும் ஓடுவதுதான் அதிகம். சமீபத்தில் ஒரு ஆற்றைக் கடந்தேன், தண்ணீர் கதவின் கீழ்விளிம்பு வரை வந்தது, நடுவில் ஒரு பாறை வண்டியின் அடிவயிற்றில் பலமாக இடித்தது. வண்டி நிற்கவில்லை, கரையேறி வீடு வந்து சேரும் வரை ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. தொந்தரவு எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

காலையில் எடுத்தால் பிரமாதமாக ஓடுகிறது, நாலு கியரும் சரியாக விழுகிறது. அரைமணி நேரம் ஓடிச் சூடான பிறகு, முக்கியமாக நின்று நின்று போகிற இடத்தில், டி-யில் (சாதாரணமாக ஓட்டும் டிரைவ் நிலை) கிளப்பினால் வண்டிக்கு உயிரே இல்லை. ஆக்சிலரேட்டரை எவ்வளவு அழுத்தினாலும் இன்ஜின் கனத்த சத்தத்தோடு முனகுகிறது, வண்டி ஊர்கிறது. கொஞ்சம் வேகம் வந்ததும், கியர் ஏறினால் ஆர்பிஎம் இறங்கத்தானே வேண்டும், இங்கே சட்டென்று ஏறுகிறது, அப்புறம்தான் இழுக்க ஆரம்பிக்கிறது. லீவரை கீழ் கியர்களுக்கான 1-2 நிலையில் வைத்துக் கிளப்பினால் அதே சூட்டிலும் நன்றாக இழுக்கிறது. ரிவர்ஸிலும் குறையில்லை. லோ ரேஞ்சில் இந்தத் தொந்தரவு அவ்வளவாகத் தெரிவதில்லை. வண்டியை நிறுத்தி ஆறவிட்டால் எல்லாம் பழையபடி சரியாகிவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது, இதோடு சம்பந்தம் உண்டா தெரியவில்லை. 80 கிமீ வேகத்தில் காலை அசைக்காமல் போனாலும் ஆர்பிஎம் முள் 200, 300 ஏறி இறங்கி ஏறி இறங்கி விளையாடுகிறது.

ஆயிலைச் சூட்டில், இன்ஜின் ஓட ஓடப் பார்த்தேன். அளவு சரி, நிறம் சிவப்பு, கருகிய வாடை இல்லை. இன்ஜின் லைட் எரியவில்லை. இந்த வயது வண்டிக் கியர்பெட்டியில் கோளாறுக் கோடு (எரர் கோட்) எடுக்கும் வசதியும் இல்லை. பட்டறையில் காட்டினேன், பத்து நிமிஷம் ஓட்டிப் பார்த்துவிட்டு "கிளட்ச் பிளேட் போயிடுச்சு, பெட்டியை இறக்கி முழுசா பிரிக்கணும்" என்று சொல்லிவிட்டார்கள். இறக்கச் சொல்லட்டுமா, வேண்டாமா?


பழையடீசல்:

வேண்டாம். இறக்கவே இறக்காதீர்கள், இப்போதைக்கு.

ஆற்றில் இறங்கிய வண்டி என்பதால் முதலில் ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். கியர்பெட்டி மூச்சு விடும் குழாய் ஒன்று மேலே எங்கேயாவது முடிந்திருக்கும். சூடான பெட்டி குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், குழாயின் வாய் தண்ணீருக்குள் இருந்தால் அதையும் சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும். டிப்ஸ்டிக்கில் ஆயில் வெளிறிய இளஞ்சிவப்பாகக் கலங்கியிருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம், அப்படியென்றால் ஒரு நாள் கூட ஓட்டக்கூடாது. உள்ளே கிளட்ச் பிளேட்டில் இருப்பது காகிதம் மாதிரியான ஒரு பொருளைப் பசை போட்டு ஒட்டிய லைனிங். தண்ணீர் பட்டால் அந்தப் பசை விட்டுவிடும்.

நீங்கள் சிவப்பு என்று சொல்லியிருப்பதால் தப்பித்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். வெள்ளைத் துணியில் இரண்டு சொட்டு விட்டு வெயிலில் வைத்து இன்னொரு முறை பாருங்கள். இரண்டு டிஃபரன்ஷியல், டிரான்ஸ்பர் கேஸ் ஆயிலையும் அப்படியே பாருங்கள், அவற்றை எல்லோரும் மறந்துவிடுவார்கள்.


கரடுமுரடு:

பட்டறைக்காரர் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. குளிரில் நன்றாக ஓடி, சூட்டில் இழுவை போகிறது என்றால் அது பிரஷர் கோளாறின் நேரடி அடையாளம். ஆயில் சூடானால் நீர்த்துப்போகும், தேய்ந்த சீல் வழியாகவும் வால்வ் பாடி (ஆயிலைப் பிரித்து அனுப்பும் வால்வுகள் உள்ள பகுதி) வழியாகவும் ஒழுகும், கிளட்சை அழுத்தப் பிரஷர் போதாது. சேற்றில் ஓடும் வண்டி வேறு. முன்னால் ஆயில் கூலர் மண்ணால் அடைத்திருக்கும், முதலில் அதைக் கழுவுங்கள். அப்புறம் பிரஷர் கேஜ் போட்டுப் பாருங்கள், ஸ்டால் டெஸ்ட் (பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி டி-யில் ஆக்சிலரேட்டரை அழுத்தி ஆர்பிஎம் பார்ப்பது) செய்து பாருங்கள். ஸ்டாலில் 5 விநாடிக்கு மேல் அழுத்தாதீர்கள், இன்ஜினையும் பெட்டியையும் ஆயில் வழியே இணைக்கும் டார்க் கன்வெர்ட்டருக்குள் ஆயில் வெந்துவிடும்.


ஓம்மீட்டர்:

கூலரைக் கழுவுவது எப்போதும் நல்லதுதான், ஆனால் இது பிரஷர் கோளாறு இல்லை என்பது என் கருத்து. மேடுபள்ளம் எழுதியதை இன்னொரு முறை நிதானமாகப் படியுங்கள். கிளட்ச் வழுக்கினால் என்ன நடக்கும்? ஆக்சிலரேட்டரை அழுத்தினால் இன்ஜின் அலறும், ஆர்பிஎம் முள் எகிறும், வண்டி மட்டும் நகராது. இங்கே நடப்பது நேர் எதிர். இன்ஜின் கனத்து முனகுகிறது, ஆர்பிஎம் ஏறவே மாட்டேன் என்கிறது. அது வழுக்கல் இல்லை, தப்பான கியர். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் பெட்டியை இறக்கினவர்கள் நிறையப் பேர், அதில் பாதிப் பேர் புது கிளட்ச் போட்ட பிறகும் அதே கோளாறோடு ஓட்டுகிறார்கள்.

ஐசின் என்ற ஜப்பான் நிறுவனத்தின் வழி வந்த நாலு கியர் பெட்டிகள் (டொயோட்டாவின் ஏ340, 1987 முதல் 2001 வரை ஜீப் செரோக்கியில் வந்த ஏடபிள்யூ4 எல்லாம் ஒரே குடும்பம்) கியர் மாற்றுவதற்கு இரண்டே இரண்டு சோலனாய்டுகளைத்தான் (கரண்ட் கொடுத்தால் ஆயில் வழியை மாற்றும் மின்வால்வுகள்) நம்பியிருக்கின்றன. எஸ்1, எஸ்2. மூன்றாவது ஒன்று உண்டு, அது டார்க் கன்வெர்ட்டர் லாக்கப்புக்கு, அதாவது சீரான வேகத்தில் போகும்போது இன்ஜினையும் பெட்டியையும் நேராகப் பூட்டுவதற்கு. கணக்கு இதுதான்: 1-க்கு எஸ்1 மட்டும் ஆன். 2-க்கு இரண்டும் ஆன். 3-க்கு எஸ்2 மட்டும். 4-க்கு இரண்டும் ஆஃப்.

இப்போது எஸ்1-க்குக் கரண்ட் போகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் 1 கேட்கிறது, எஸ்1 வேலை செய்யவில்லை, எஸ்2-உம் ஆஃப். இரண்டும் ஆஃப் என்றால் 4. அதாவது வண்டி நாலாவது கியரில் கிளம்புகிறது. கொஞ்சம் வேகம் வந்ததும் கம்ப்யூட்டர் 2 கேட்கிறது, இரண்டையும் ஆன் செய்கிறது, ஆனால் எஸ்2 மட்டும்தான் வேலை செய்கிறது, அதனால் 3 விழுகிறது. 4-இலிருந்து 3-க்கு வந்தால் ஆர்பிஎம் ஏறத்தானே செய்யும்? அவர் சொன்ன அந்தத் தலைகீழ் ஏற்றம் இதுதான். எஸ்2 போயிருந்தால் கதையே வேறு, 1-இலேயே நெடுநேரம் இழுத்துக்கொண்டு போய் அங்கிருந்து நேராக 4-க்குத் தாவும்.

லீவரை 1-2-க்குத் தள்ளினால் ஏன் சரியாகிறது என்றால், அந்த நிலையில் இரண்டு சோலனாய்டும் ஆஃப் ஆக இருந்தாலும் உள்ளே லீவரோடு சேர்ந்து அசையும் கைவால்வே ஆயிலை 1-க்குத் திருப்பிவிடும். ரிவர்ஸும் அப்படித்தான், அதைச் சோலனாய்டு முடிவு செய்வதில்லை. லோ ரேஞ்சில் தெரியாமல் போவதற்கும் காரணம் இருக்கிறது. செரோக்கி கணக்கையே எடுத்தால் 4-இன் விகிதம் 0.75, லோ ரேஞ்ச் 2.72, பெருக்கினால் 2-க்குச் சற்று மேல். ஹை ரேஞ்சில் 2-ஆவது கியர் 1.53-தான். ஆக லோ-வில் 4-இல் கிளம்பினாலும் வண்டி போகும், கொஞ்சம் சோம்பலாகத் தோன்றும், அவ்வளவுதான்.

பெட்டியைத் தொடாமல் செய்ய வேண்டியது இது. வண்டி நன்றாகச் சூடாகி, கோளாறு வந்த பிறகு, கியர் கம்ப்யூட்டரின் ஃபியூஸை எடுத்துவிடுங்கள். இனிமேல் கையால்தான் ஓட்ட வேண்டும். உங்கள் லீவரில் டி, 3, 1-2 இருந்தால் 1-2-இல் 1, 3-இல் 3, டி-யில் 4 வர வேண்டும். (டொயோட்டாவில் எல், 2, டி என்றிருந்தால் அதே வரிசைக்கு 1, 3, 4.) மூன்றும் அழுத்தமாக, வழுக்காமல் வந்தால் பம்ப், கிளட்ச், பிரஷர் எல்லாம் நலம் என்று வைத்துக்கொள்ளலாம், கோளாறு மின்சாரப் பக்கம். ஒரு எச்சரிக்கை, வேகமாகப் போகும்போது லீவரை 1-2-க்குத் தள்ளிவிடாதீர்கள், நிஜமாகவே 1 விழும், இன்ஜின் கதறிவிடும்.

அடுத்து ஃபியூஸைத் திரும்பப் போட்டு, கம்ப்யூட்டர் கனெக்டரின் பின்பக்கம் எஸ்1, எஸ்2 வயர்களில் ஆளுக்கொரு எல்இடி, கூட 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்து, மறுமுனையைப் பாடியில் எர்த் செய்யுங்கள். சாதாரண பல்பு வேண்டாம், கம்ப்யூட்டரின் மேல் தேவையில்லாத சுமை. ஓட்டும்போது கம்ப்யூட்டர் என்ன கேட்கிறது என்பதை எல்இடி சொல்லும், பெட்டி என்ன கொடுக்கிறது என்பதை ஆர்பிஎம் சொல்லும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் பாதி வேலை முடிந்தது.


கரடுமுரடு:

எல்இடி யோசனை நல்ல யோசனை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சோலனாய்டு மின்சார ரீதியாக நன்றாக இருந்தும் உள்ளே பிஸ்டன் அழுக்கில் சிக்கிக்கொண்டால்? சூட்டில் அதுவும் நடக்கும். எல்இடி எரியும், ஓம் சரியாக இருக்கும், வால்வு மட்டும் அசையாது.


ஓம்மீட்டர்:

நடக்கும். அதனால்தான் ஓம் மட்டும் பார்த்து நிறுத்தக்கூடாது, 12 வோல்ட் நேரடியாகக் கொடுத்து டிக் சத்தம் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும், சூட்டிலும் பார்க்க வேண்டும். முதலில் ஃபியூஸ் சோதனை முடியட்டும்.


சேறுபூசி:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கும் ஏறக்குறைய இதே தொந்தரவு, ஆனால் வண்டி புதுசு, ஸ்கேனர் போட்டால் பி0700 என்று மட்டும் காட்டுகிறது. அதை அழித்தால் மறுநாள் திரும்ப வருகிறது. 3-ஆவது கியரிலேயே பூட்டிக்கொள்கிறது.


ஓம்மீட்டர்:

சேறுபூசி, பி0700 தனியாக ஒரு கோளாறே இல்லை. "கியர்பெட்டிக் கம்ப்யூட்டரிடம் சொல்ல ஏதோ இருக்கிறது, போய்க் கேள்" என்று இன்ஜின் கம்ப்யூட்டர் சொல்கிறது, அவ்வளவுதான். உங்கள் ஸ்கேனர் இன்ஜினை மட்டும் படிக்கும் வகை. கியர்பெட்டிக் கம்ப்யூட்டரையும் படிக்கிற ஒன்றை வாங்கியோ இரவல் கேட்டோ போடுங்கள். பி0705 வந்தால் லீவர் நிலை சொல்லும் சுவிட்ச், பி0715 உள்ளே வரும் வேகம் பார்க்கும் சென்சார், பி0720 வெளியே போகும் வேகம், பி0753 முதல் சோலனாய்டின் மின்சுற்று, பி0741 லாக்கப். பி0730 வந்தால் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும், கியர் விகிதம் ஒத்துவரவில்லை என்று பொருள், அது நிஜ வழுக்கலாகவும் இருக்கலாம். சில வண்டிகளில் வேகத்தை டிரான்ஸ்பர் கேஸுக்குப் பின்னால் இருந்து எடுப்பார்கள். அந்த வகையில் லோ ரேஞ்ச் போட்டதைச் சொல்லும் சுவிட்ச் சேறு புகுந்து செத்துப்போனால், கம்ப்யூட்டர் ஹை என்றே நினைத்துக் கணக்குப் போடும், கணக்கு உதைக்கும், 3-இல் பூட்டிவிடும். கோளாறு லோ-வில் மட்டும் வருகிறதா என்று பாருங்கள். கோளாறுக் கோடை அழிப்பதற்கு முன்னால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அழித்துவிட்டு வந்து கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. மற்றதைத் தனியாகக் கேளுங்கள், இங்கே இரண்டு வண்டியும் கலந்துவிடும்.


மேடுபள்ளம்:

எல்லோருக்கும் நன்றி. துணியில் ஆயிலைப் பார்த்தேன், சுத்தமான சிவப்பு. டிஃபரன்ஷியல்களிலும் டிரான்ஸ்பர் கேஸிலும் தண்ணீர் இல்லை. கூலரையும் கழுவிவிட்டேன், நிஜமாகவே நிறைய மண் வந்தது, ஆனால் கோளாறு போகவில்லை.

ஓம்மீட்டர் சொன்ன குடும்பத்துப் பெட்டிதான் என்னுடையது. சூடாக்கி, கோளாறு வந்ததும் ஃபியூஸை எடுத்தேன். 1-2-இல் 1, 3-இல் 3, டி-யில் 4. மூன்றிலும் துளி வழுக்கல் இல்லை. டி-யில் கிளப்பிப் பார்த்தேன், தினமும் நான் அனுபவிக்கும் அதே செத்த இழுவை, அதே முனகல். அப்போதே புரிந்துவிட்டது.

அப்புறம் எல்இடி. குளிரில் கிளப்பும்போது எஸ்1 மட்டும் எரிகிறது, கொஞ்ச தூரத்தில் இரண்டும் எரிகிறது, அப்புறம் எஸ்2 மட்டும், கடைசியில் இரண்டும் அணைகிறது. அட்டவணைப்படி அச்சாக. சூட்டில் கோளாறு வந்த நேரத்திலும் டி-யில் நிற்கும்போது எஸ்1 பளிச்சென்று எரிகிறது, வண்டியோ 4-இல் நிற்கிறது.

ஓம் கணக்கு: கம்ப்யூட்டர் கனெக்டரிலிருந்து பார்த்தால் குளிரில் மூன்றுமே 13 பக்கம். சூட்டில் எஸ்2-உம் லாக்கப்பும் 16 காட்டுகின்றன. எஸ்1 ஒரு நேரம் 17, ஒரு நேரம் 40, சில நேரம் மீட்டர் எதுவுமே காட்டுவதில்லை. அப்படியானால் எஸ்1 சோலனாய்டு போய்விட்டதா? பெட்டியின் அடியில் உள்ள ஆயில் பேனைக் கழற்றி மாற்றிவிடட்டுமா? மற்ற இரண்டும் 13-இலிருந்து 16-க்குப் போனதும் கவலையாக இருக்கிறது.


கம்பிச்சுருள்:

16 பற்றிக் கவலை வேண்டாம். சோலனாய்டு என்பது செம்புக் கம்பிச் சுருள். செம்பு ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் ரெசிஸ்டன்ஸ் ஏறும். 20 டிகிரியில் 13 ஓம் என்றால் 90 டிகிரியில் 16.5 பக்கம் வர வேண்டும். வராமல் 13-இலேயே நின்றிருந்தால்தான் பெட்டி சூடாகவில்லை என்று சந்தேகப்பட வேண்டும்.

எஸ்1 கதைக்கு வருவோம். பேனை இப்போது கழற்றாதீர்கள். நீங்கள் அளந்தது கம்ப்யூட்டரில் இருந்து, அதாவது கேபினிலிருந்து கீழே போகும் மொத்த வயர், நடுவில் உள்ள கனெக்டர், சோலனாய்டு எல்லாம் சேர்த்து. இப்போது அதே சூட்டில் கியர்பெட்டியின் பக்கத்தில் இருக்கும் கனெக்டரைக் கழற்றி, பெட்டிப் பக்கத்து பின்னில் அளந்து பாருங்கள். அங்கே 16, 17 நிலையாக இருந்தால் சோலனாய்டு நலம், கோளாறு வயரில். அங்கேயும் ஆடினால் பேனைக் கழற்றலாம். சைலன்சர் குழாய் பக்கத்திலேயே இருக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

எர்த் கோளாறாக இருக்குமோ என்று யாராவது கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன், இந்தப் பெட்டியில் மூன்று சோலனாய்டுக்கும் எர்த் பெட்டியின் உடம்புதான். எர்த் விட்டிருந்தால் மூன்றும் சேர்ந்து ஆடியிருக்கும்.

இன்னொரு விஷயம். மீட்டர் ஓம் பார்க்கும்போது அனுப்பும் கரண்ட் மிக மிகச் சிறியது. ஒரு வயருக்குள் இருபது இழையில் ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் மீட்டருக்கு அது போதும், 13 என்று சத்தியம் செய்யும். சோலனாய்டு கேட்பதோ கிட்டத்தட்ட 1 ஆம்பியர். அதனால் குளிரில் 13 வந்ததை வைத்து வயர் நல்ல வயர் என்று முடிவு கட்ட முடியாது. சோலனாய்டு வேலை செய்யும்போது வயரின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடுவே வோல்ட் பாருங்கள், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் எங்கேயோ உறிஞ்சுகிறது.

பாறை இடித்தது என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா? எந்தப் பக்கம்?


மேடுபள்ளம்:

சைலன்சர் பக்கம்தான் இடித்தது. நீங்கள் கேட்ட பிறகுதான் கீழே படுத்து அந்த இடத்தை ஒழுங்காகப் பார்த்தேன்.

பெட்டிப் பக்கத்துப் பின்னில் சூட்டிலும் 16.5, அசைத்தாலும் ஆட்டினாலும் மாறவில்லை. ஆக சோலனாய்டு நலம். வயரைப் பிடித்துக்கொண்டே மேலே போனேன். சைலன்சர் குழாய்க்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்பு இருக்கிறது, பாறை அதை மேலே மடக்கி வயர் கட்டின் மேல் சாய்த்துவிட்டிருக்கிறது. வயர் கட்டின் மேல் இருக்கும் நெளிநெளிக் குழாய் அந்த இடத்தில் உருகித் தகரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிரித்தால் உள்ளே மூன்று வயர் கெட்டியாகி, மடக்கினால் ஒடிகிற மாதிரி ஆகிவிட்டது. எஸ்1 வயரின் தோல் விரல்நுனி அளவுக்குப் பிளந்து, உள்ளே செம்பு இருக்க வேண்டிய இடத்தில் பச்சைப் பொடி. நகத்தால் சுரண்டினேன், பொடி உதிர்ந்த பிறகு மிஞ்சியது இரண்டு மூன்று இழை. விரலால் லேசாக வளைத்தால் மீட்டரில் 13, விட்டால் ஒன்றுமில்லை. குழாயின் சூட்டில் அது விரிந்து விலகுகிறது, ஆறினால் திரும்பத் தொட்டுக்கொள்கிறது.


பழையடீசல்:

அப்பாடா. பட்டறைக்குச் சொல்லி அனுப்புங்கள்.

வெட்டி ஒட்டும்போது அந்தப் பச்சை முடிகிற இடத்தோடு நிறுத்தாதீர்கள். தண்ணீர் இழைகளுக்கு நடுவே உள்ளே ஏறிப் போகும், தோல் நன்றாக இருக்கும் இடத்திலும் உள்ளே கறுத்திருக்கும். பளபளவென்று செம்பு தெரியும் வரை வெட்டிக்கொண்டே போங்கள், குறைகிற நீளத்துக்குச் சூடு தாங்கும் வயர் சேருங்கள். உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள், சாதாரண டேப் இந்த இடத்தில் ஒரு மழைக்குத் தாங்காது. மற்ற இரண்டு வயரையும் இப்போதே மாற்றிவிடுங்கள், அவையும் அதே அடுப்பில் வெந்தவைதான். தகரத்தை நிமிர்த்திவிட்டு வயர் கட்டைப் பெட்டிக்கு மேலாகத் தூக்கிக் கட்டுங்கள். பெட்டி இன்ஜினோடு சேர்ந்து ஆடும், கொஞ்சம் தொய்வு விட்டுக் கட்டுங்கள், விறைப்பாகக் கட்டினால் அடுத்த கல்லில் கனெக்டரையே பிடுங்கிக்கொண்டு வரும்.


மேடுபள்ளம்:

மூன்று வயரையும் மாற்றியாகிவிட்டது. வெயிலில், மேட்டில், நெரிசலில் எல்லாம் ஓட்டிப் பார்த்தேன், டி-யில் கிளப்பினால் 1-இல்தான் கிளம்புகிறது. எல்இடி இரண்டையும் எடுக்க மனம் வரவில்லை, அப்படியே டேஷ்போர்டில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

ஆனால் 80-இல் ஆர்பிஎம் ஏறி இறங்குவது மட்டும் அப்படியே இருக்கிறது. லாக்கப் வயரும் புதுசுதான் இப்போது.


ஓம்மீட்டர்:

அது வேறு கோளாறு என்று முதலிலேயே தோன்றியது. லாக்கப் வயரிலும் ஒரு எல்இடி போடுங்கள். ஆர்பிஎம் ஏறும் அதே நொடியில் அது அணைந்தால் கம்ப்யூட்டரே லாக்கப்பை விடச் சொல்கிறது, பெட்டிக்குள் தேட வேண்டியதில்லை. லாக்கப் போட வேகம் வேண்டும், இன்ஜின் சூடு வேண்டும், ஆக்சிலரேட்டர் லேசாகவாவது அழுந்தியிருக்க வேண்டும், பிரேக் அழுத்தியிருக்கக்கூடாது. இதில் ஒன்று பொய் சொன்னாலும் விட்டுவிடும்.

முதல் சந்தேகம் பிரேக் லைட் சுவிட்ச். மேடு பள்ளத்தில் பெடல் அதிர்ந்து சுவிட்ச் லேசாகத் தொட்டாலே போதும். பின்னால் வரும் யாரையாவது பிரேக் லைட் மினுக்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

அது சரி என்றால் த்ராட்டில் பொசிஷன் சென்சார், த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது. ஒரே வேகத்தில் போகும்போது கால் நிற்கும் அந்த ஒரு இடத்தில்தான் அதன் உள்தடம் அதிகம் தேயும். தேய்ந்த புள்ளியில் சிக்னல் ஒரு கணம் விழுந்தால் கம்ப்யூட்டர் "காலை எடுத்துவிட்டார்" என்று நினைத்து லாக்கப்பை விட்டுவிடும். இக்னிஷன் ஆன், இன்ஜின் ஆஃப், சிக்னல் வயரில் வோல்ட் பாருங்கள், த்ராட்டிலைக் கையால் மிக மெதுவாகத் திறந்துகொண்டே போங்கள். வோல்ட் ஒரே சீராக ஏற வேண்டும். டிஜிட்டல் மீட்டர் இந்தச் சின்ன விழுதலைத் தவறவிடும், முள் உள்ள பழைய மீட்டர் கிடைத்தால் அதில் பாருங்கள். முதல் கால் பங்கு திறப்பில்தான் உங்கள் வேலை, அங்கே முன்னும் பின்னும் போய்ப் போய்ப் பாருங்கள்.


மேடுபள்ளம்:

பிரேக் லைட் மினுக்கவில்லை. பழைய முள் மீட்டர் ஒன்று கிடைத்தது. த்ராட்டிலைத் திறக்க ஆரம்பித்துக் கொஞ்ச தூரம் போனதும் முள் ஒரு இடத்தில் சட்டென்று கீழே தலையாட்டிவிட்டு மேலே வருகிறது. திரும்ப மூடினால் அதே இடத்தில் திரும்பவும். லாக்கப் எல்இடியும் 80-இல் முள்ளோடு சேர்ந்து அணைந்து எரிகிறது. சென்சாருக்குச் சொல்லிவிட்டேன். மாட்டும்போது மூடிய நிலையில் எத்தனை வோல்ட் வைக்க வேண்டும்?


ஓம்மீட்டர்:

அதை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், உங்கள் இன்ஜினின் சர்வீஸ் மேனுவலில் இருப்பதைத்தான் வைக்க வேண்டும், மாடலுக்கு மாடல் மாறும். சில மாடல்களில் கியர் கம்ப்யூட்டருக்கென்று தனி சிக்னல் உண்டு, அதை 5 வோல்ட்டில் இத்தனை சதவீதம் என்று கொடுத்திருப்பார்கள், இன்ஜினுக்குரியதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். சிலவற்றில் சரிசெய்ய ஸ்க்ரூ துளையில் இடமே இருக்காது, மாட்டினால் முடிந்தது. மாட்டிய பிறகு முள் மீட்டரில் இன்னொரு முறை முழுத் திறப்பு வரை ஓட்டிப் பாருங்கள், புதுச் சென்சாரிலும் தலையாட்டினால் அதன் கனெக்டரைப் பாருங்கள், அதுவும் அதே ஆற்றில் குளித்ததுதான்.


கரடுமுரடு:

கூலரை அடிக்கடி கழுவுங்கள்.